குழாய் முசியேயும் இரண்டு நாரைகளும்

மனிதர்களின் முகத்துக்கு நேரே காமிராவைத் தூக்குவது மரியாதைக் குறைவு என்று நினைத்த போட்டோகிராபர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் பிறந்தார். அவரும் உலகத்தில் வேறு இடமே கிடைக்காத மாதிரி, எங்கள் தெருவில், என் அறைக்கு அடுத்த போர்ஷனில் குடியிருந்தார். அந்த நாட்களில் என் மானம் பட்ட பாட்டுக்கெல்லாம் அவர்தான் காரணம்.

ஊரில் அவரைக் குழாய் முசியே என்பார்கள். முசியே என்பது அந்தக் காலத்துப் புதுச்சேரியில் கோட்டுப் போட்ட யாருக்கும் கிடைத்துவிடுகிற மரியாதை. குழாய் மட்டும் அவரே சம்பாதித்தது. அவருடைய காமிராவின் மூக்கில் ஒரு கை நீளத்துக்கு லென்ஸ் ஒன்று மாட்டியிருக்கும். தூரத்துப் பறவையைப் பக்கத்தில் இழுத்துக் காட்டுகிற லென்ஸ். கறுப்பாக, தடியாக, புகைபோக்கி மாதிரி இருக்கும். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் பெயரை மட்டும் கேள்விப்பட்டுவிட்டு, "வீட்ல தண்ணி ஒழுகுது, கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?" என்று கூப்பிடுவார்கள். இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு முசியே போவார். சரி செய்துவிட்டும் வருவார். நன்றாகவே செய்வார் என்று கேள்வி.

அந்த லென்ஸ் வந்ததே ஒரு கதை. பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறிய சமயத்தில், பல வீடுகளில் சாமான்களை ஏலம் போட்டார்கள். ஊரே போய் விழுந்தது. வாசிக்கத் தெரியாதவர்கள் பியானோ வாங்கி அதன்மேல் ஊறுகாய் ஜாடியை வைத்தார்கள். முசியேயின் மனைவி அவரைக் கட்டில் வாங்கிவர அனுப்பினார். காலையில் போனவர் மாலையில் ஒரு நீளமான தோல்பெட்டியோடு திரும்பினார். அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டு நியாயம் கேட்டார்.

"கட்டிலு வாங்கியாங்கன்னு அனுப்பினேன் தம்பி. யானைத் தும்பிக்கைய வாங்கியாந்து நடுவீட்டுல வச்சிருக்காரு. இதுமேல எப்பிடிப் படுக்கறது, நீயே சொல்லு."

முசியே பெட்டியைத் திறந்து என்னிடம் காட்டினார். பிறகு என் சைக்கிளைப் பார்த்தார். என் சைக்கிளின் காரியர் கொஞ்சம் கனமான இரும்பு. அன்றோடு என் ஞாயிற்றுக்கிழமைகள் தொலைந்தன.

வாரத்தில் ஆறு நாள் நாங்கள் இருவரும் ஒரே ஆபீஸ். அவர் சாக்கடை வரைபடம் போடுகிறவர், நான் குமாஸ்தா. ஏழாவது நாள் நான் சைக்கிள் மிதிப்பேன், அவர் பின்னால் குழாயைக் குழந்தை மாதிரி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஊசுட்டேரிக் கரையில் போய்ப் படுத்தால் வெயில் ஏறும்வரை எழுந்திருக்க மாட்டார். பறவைகளோடு அவர் பேசுவதைக் கேட்க வேண்டும். ஒரு கொக்கைப் பார்த்து, "கொஞ்சம் இப்பிடித் திரும்புங்க. அவசரம் ஒண்ணுமில்ல, உங்க சௌகரியம்" என்பார். அதே மூச்சில் என்னிடம், "டேய், எதுக்குடா அப்பிடி மூச்சு வுடற? அவருக்குப் புடிக்கல பாரு" என்பார். கொக்குக்கு ங்க, எனக்கு டா. நான் பி.ஏ. வரைக்கும் படித்தவன்.

எனக்குப் பிறவியிலேயே வெட்கம் கொஞ்சம் அதிகம். கடையில் சில்லறை குறைவாக வந்தால்கூடக் கேட்கக் கூச்சப்படுவேன். இப்படிப்பட்டவனுக்கு அப்படிப்பட்டவர் துணை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பறவைகள் தன்னைப் பார்த்துப் பயப்படக் கூடாது என்று கோணிச்சாக்கில் கோரைப்புல்லைத் தைத்துச் சட்டையாகப் போட்டுக்கொண்டு வந்தார். தலையிலும் புல். முகத்தில் ஏரிச் சேறு. திரும்பி வரும்போது கழற்றிவிடுவார் என்று நம்பினேன். அவருக்கு நினைவே இல்லை. அந்தக் கோலத்தோடு காரியரில் உட்கார்ந்திருக்க, கோயிலில் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வருகிற நேரமாகப் பார்த்து நான் அந்த வழியாகச் சைக்கிளை விட்டுத் தொலைத்தேன். எங்கள் மேலதிகாரி மனைவியோடு படியிறங்கிக்கொண்டிருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பின்னாலிருந்து புல்லுக்கட்டு கணீரென்று, "பொன்ழூர் முசியே" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னது.

மறுநாள் மேலதிகாரி என்னை உள்ளே கூப்பிட்டார்.

"நேத்து சைக்கிள்ல புல்லு ஏத்திக்கிட்டுப் போனியே, வீட்ல எருமை வச்சிருக்கியா?"

புல்லுக்குள்ளே இருந்தது யார் என்று சொன்னால் இரண்டு பேர் மானமும் போகும். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். "அப்ப நல்ல வெண்ணெய் கெடைக்கும்னு சொல்லு" என்றார் அவர். அதற்குப் பிறகு பல மாதம் நான் சந்தையில் வெண்ணெய் வாங்கி, என் வீட்டு எருமை கொடுத்தது என்று அவர் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் எருமை செத்துப்போய்விட்டது என்று சொன்னபோது அவர் எனக்கு அரை நாள் லீவு கொடுத்தார்.

இன்னொரு நாள் தவளக்குப்பம் முச்சந்தி. கடலூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். கம்பியில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. "நிறுத்துடா" என்றார். நடு ரோட்டில் முக்காலியை விரித்துக் குழாயை நிறுத்திவிட்டார். சந்தை நாள். இந்தப் பக்கம் மாட்டுவண்டிகள் நின்றன, அந்தப் பக்கம் பஸ் நின்றது. பஸ்ஸில் இருந்தவர்கள் தங்களைத்தான் படம் பிடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். ஆண்கள் தலை சீவினார்கள். பெண்கள் குழந்தைகளின் மூக்கைத் துடைத்தார்கள். டிரைவர் இறங்கி வந்து பானட்டில் கை ஊன்றி நின்றார். முசியே குழாயிலிருந்து தலையை எடுக்காமலே, "எல்லாரும் கொஞ்சம் தள்ளிப் போங்கய்யா, அவரு கூச்சப்படறாரு" என்றார்.

"யாரு கூச்சப்படறா?" என்றார் டிரைவர்.

"மேல உக்காந்திருக்காரே, அவரு."

டிரைவர் மேலே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு அம்மாள், "ஏன், எங்க மூஞ்சிக்கு இன்னா கொறச்சலு?" என்று கேட்டார். மீன்கொத்தி பறந்துவிட்டது. மொத்த பஸ்ஸும் திட்டியது. முசியே முக்காலியை மடக்குவதில் மும்முரமாக இருந்ததால் திட்டு முழுவதும் எனக்கே வந்து சேர்ந்தது.

இத்தனைக்கும் நடுவில் அவருக்கு ஊரில் ஒரு மதிப்பு இருந்ததென்றால், அது நாரைப் படத்தால் வந்தது. ஊசுட்டேரியில் எடுத்தது. இரண்டு நாரைகள் தண்ணீரில் நின்று, அலகோடு அலகு வைத்து, ஒன்றின் காதில் ஒன்று ரகசியம் சொல்வது போல இருக்கும். கீழே முசியே தன் கையால் 'தம்பதி' என்று எழுதியிருந்தார். எங்கள் தெரு வாசகசாலையில் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டினார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் உருகினார்கள். எந்தப் புண்ணியவதி ஆரம்பித்து வைத்தாளோ, கல்யாணமான புதுப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் வாசகசாலைக்குக் கூட்டிவந்து அந்த நாரைகளைக் காட்டுவது எங்கள் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. "இதுங்கள மாதிரி இருங்க" என்பார்கள். சிலர் விழுந்தே கும்பிட்டார்கள். அப்போதெல்லாம் முசியே மூலையில் பேப்பர் படிப்பது போல உட்கார்ந்து ரசிப்பார். பேப்பர் பல சமயம் தலைகீழாக இருக்கும்.

இப்போது என் தலையில் இடி விழுந்த கதைக்கு வருகிறேன்.

வீராம்பட்டினத்தில் ஆடித் தேர். எங்கள் தெருவே போயிருந்தது. தேர் பார்த்துவிட்டு ஜனங்கள் கடற்கரைக்கு வந்தார்கள். முசியே வழக்கம்போல மனித வாடையே படாத தூரத்தில், சவுக்குத் தோப்பு ஓரமாகக் குழாயை நட்டுவிட்டார். கடலுக்கு மேலே ஆலாக்கள் பறந்துகொண்டிருந்தன. நான் முழங்கால் தண்ணீரில் நின்று, சாப்பிடப் போகலாம் என்று அவருக்குக் கை நீட்டிச் சைகை காட்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால், கரை நெடுக எவ்வளவோ தள்ளி, மணலில், எங்கள் தெரு மளிகைக்கடைக்காரரின் பெண் சரோஜா தன் வீட்டாரோடு நின்றிருந்தாளாம். எனக்கு அது தெரியவே தெரியாது. சரோஜாவோடு நான் ஆயுளில் பேசியது, அவள் அப்பா சாப்பிடப் போயிருந்த ஒரு மத்தியானம், "துவரம்பருப்பு இருக்கா?" என்பது மட்டும்தான். "இல்ல" என்று அவள் சொன்னதோடு சம்பாஷணை முடிந்துவிட்டது.

அடுத்த வாரம் வாசகசாலையில் புதுப் படம் ஏறியது. நடுவில் ஆலா ஒன்று சிறகை விரித்துப் பறக்கிறது. பிரமாதமான படம்தான். அந்தச் சிறகுக்குக் கீழே நானும் சரோஜாவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறோம். அவள் யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள், படத்தில் அந்த யாரோ நான்தான். என் நீட்டிய கை அவள் தோளில் படுகிறது. அவள் வீட்டார் ஒருவர்கூடப் படத்துக்குள் இல்லை.

அந்த லென்ஸின் குணம் அது. முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் சேர்த்து இழுத்து ஒட்டவைத்துவிடும். எங்களில் யாருக்கும் அது தெரியாது. முசியேவுக்குத் தெரியும், ஆனால் அவர் படத்தில் எங்களைப் பார்க்கவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதர் அதைக் கழுவி, பெரிதுபண்ணி, சட்டம் போட்டு, ஆணியடித்து மாட்டும்வரை ஆலாவைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. கூட்டம் அலைமோதுவதைக் கண்டு அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியாடா, ஆலாவோட அருமை இப்பதான் நம்ம ஜனங்களுக்குப் புரிஞ்சிருக்கு" என்றார்.

நான் படத்தைப் பார்த்தேன். பிறகு ஜனங்களைப் பார்த்தேன். ஜனங்கள் என்னைப் பார்த்தார்கள். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

சரோஜாவுக்குத் தவளக்குப்பத்தில் மாப்பிள்ளை பார்த்து, அந்த மாதமே தட்டு மாற்றுவதாக இருந்தது. படத்தைப் பற்றி அங்கேயும் செய்தி போய்விட்டது. நான்கு நாட்களாக அந்தப் பெண் ஜன்னல் பக்கமே வரவில்லை. அவள் அப்பா கடையைத் திறந்து வைத்துக்கொண்டு தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தெருவில் நடந்தால் பேச்சு நின்றது. ஒரு தப்பும் செய்யாமல் இவ்வளவு வெட்கப்பட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. முசியேவிடம் போய், "படத்துல கீழ பாருங்க" என்றேன். அவர் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "அட, நீ" என்றார். ஓடிப்போய்ப் படத்தைக் கழற்றினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளையின் தாய்மாமன் வண்டி கட்டிக்கொண்டு வந்து வாசகசாலையில் இறங்கினார். நல்ல ஆகிருதி, பெரிய மீசை. தெருவே கூடிவிட்டது. நான் பத்திரிகை அலமாரிக்குப் பின்னால் நின்றேன். பிரம்படிக்குக் காத்திருக்கும் பையன்கூட அப்படி ஒடுங்கி நின்றிருக்க மாட்டான்.

"படத்துல இருக்கறது பொய்யாய்யா? கண்ணால பாத்தவன் ஊருல ஆயிரம் பேரு" என்றார் மாமன்.

முசியேவுக்கு மனிதர்கள் கூட்டத்தில் பேச வராது. வியர்த்தது. "அந்தக் குழாய் இழுக்கும்ங்க. தள்ளித் தள்ளி நிக்கறவங்கள ஒட்டினாப்புல காட்டும்" என்றார்.

"நல்லா இழுக்கும் போ."

முசியே வீட்டுக்குப் போனார். குழாயையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு வந்து, தெரு முனையில் நடு ரோட்டில் நட்டார். எங்கள் ஊர்த் தெருக்கள்தான் நூல் பிடித்த மாதிரி நேராயிற்றே. மளிகைக்கடைக்காரரை அவர் கடை வாசலில் நிற்கச் சொன்னார். அவருக்குப் பின்னால் ஏழெட்டு வீடு தள்ளி ஒரு மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்து வியாபாரம் செய்துகொண்டிருந்தார்.

"இப்ப குனிஞ்சு பாருங்க" என்றார் மாமனிடம்.

மாமன் காமிராவின் மேல் கண்ணாடியில் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து வெறுங்கண்ணால் தெருவைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். மீசை ஆடியது.

"அடப்பாவி. மீன்காரம்மா மளிகைக்காரரு இடுப்புல உக்காந்துகினு இருக்குது."

பிறகு ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். சற்று நேரத்தில் எங்கள் தெருவில் யாரும் யாரோடும் ஒட்டிக்கொள்ளாமல் பாக்கியில்லை. வாசகசாலைக் காரியதரிசி எதிர்வீட்டு விதவையின் தோளில் சாய்ந்தார். மாதா கோயில் உபதேசியார் சாராயக்கடை வாசலுக்குள் நுழைந்தார். அவரவர் வெட்கப்பட்டு நகர்ந்து நகர்ந்து நின்றார்கள், நகர்ந்த இடத்தில் வேறு யாராவது வந்து ஒட்டினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் அலமாரியை விட்டு வெளியே வந்தேன்.

மாமன் மட்டும் யோசித்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி இழுக்குதுன்னு ஒத்துக்கறேன். ஆனா எல்லாத்தையுமா இழுக்குது? உள்ள அந்த நாரைப் படம் மாட்டியிருக்கே. எம் மூத்த பொண்ணையும் மாப்பிள்ளையையும் தவளக்குப்பத்துலேருந்து கூட்டியாந்து காட்டினவன் நானு. அதுவும் இந்தக் குழாயில புடிச்சதுதான? அது நெசம்னா, இந்தப் பையனும் பொண்ணும் நின்னதும் நெசமா இருக்கலாம். நீயே சொல்லு."

சிரிப்பு நின்றது. எத்தனை வீட்டுப் பெண்கள் அந்தப் படத்தின் முன்னால் நின்றிருப்பார்கள். அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். முசியேயின் மனைவியும் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முசியே கைக்குட்டையை எடுத்து லென்ஸைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"ஜோடி இல்லீங்க" என்றார்.

"இன்னா?"

"ஒருத்தரு இக்கரையில நின்னாரு. இன்னொருத்தரு நடுத்திட்டுல. நடுவுல படகு போவற அளவுக்கு தண்ணி. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்கவே இல்ல. அவங்க பாட்டுக்கு நத்தை பொறுக்கினாங்க. கழுவிப் பாத்தப்ப அப்பிடி வந்திருந்துச்சு. தம்பதின்னு நாந்தான் எழுதினேன். ஊரு நம்பிச்சு. எனக்கும் நல்லா இருந்துச்சு. சொல்லாம இருந்துட்டேன்."

சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. காது வரைக்கும் சிவந்திருந்தது. நான் அதுவரை பட்ட வெட்கமெல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒரு நிமிஷத்தில் அவர் பட்டதற்கு ஈடாகாது.

"எம் மருமவள வுழுந்து கும்பிடச் சொன்னேனே" என்றார் ஒரு அம்மாள். "நத்தை பொறுக்கினதுக்கா கும்பிட்டோம்?" என்றார் இன்னொருவர். ஒருவர் உள்ளே போய்ப் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து முசியேயின் கையில் கொடுத்தார். கொடுத்த விதம் நன்றாக இல்லை.

மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இத்தினி பேரு எதுருக்க, தன்னோட இவ்ளோ பெரிய பொய்ய ஒத்துக்கினவன், சின்ன விஷயத்துல பொய் சொல்ல மாட்டான். சம்பந்தி, தட்டு மாத்தற நாளு பழைய நாளேதான்" என்றார் மளிகைக்கடைக்காரரிடம். அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

கூட்டம் கலைந்தது. முசியே சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றார். அவர் மனைவி வந்து அதை வாங்கிக்கொண்டார். "நாரைங்க கெடக்குது. உள்ள வந்து சாப்புடுங்க" என்றார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. சரோஜா சந்தோஷமாகப் போனாள். எனக்குப் போன மானம் திரும்பி வந்தது, வெற்றிலை பாக்கோடு. முசியேவுக்குத்தான் திரும்பவில்லை. தெருவில் சிறிசுகள் அவரைக் கண்டால் ஒற்றைக் காலில் நின்றார்கள். வீட்டில் சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டியெல்லாம் நாரையைச் சொல்லித் திட்டிக்கொண்டார்கள். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார், தரையைப் பார்த்துக்கொண்டு திரும்பினார்.

ஒரு நாள் ஆபீசுக்குப் போகும் வழியில் கேட்டேவிட்டேன். "ஏன் ஒத்துக்கினீங்க முசியே? நாரை வேற, இது வேறன்னு சொல்லியிருந்தா அவரு நம்பியிருப்பாரு."

"நம்பியிருப்பாருடா. மனசுக்குள்ள ஒரு மூலையில வச்சிருப்பாரு. நாளைக்கு அந்தப் பொண்ணு கொழம்புல உப்பு அதிகம் போட்டா எடுத்து வுடுவாங்க." கொஞ்ச தூரம் நடந்தார். "நாரைக்கு மானம் போவாது. அந்தப் பொண்ணுக்குப் போனா தாங்காது."

தனக்குப் போனதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நன்றி சொல்லலாம் என்றால் வெட்கம். அவர் தலையை நிமிர்த்த வேண்டும், வேறெதுவும் எனக்கு அப்போது வேண்டியிருக்கவில்லை. வாழ்நாளில் ஒரு பறவையையும் நானாகத் தேடிப் பார்த்ததில்லை. அன்றைக்கு மரம் மரமாக, கம்பி கம்பியாகத் தேடிக்கொண்டே நடந்தேன். தேடினால் ஒன்றும் வரவில்லை. கடைசியில் ஒரு மதில்மேல் ஒன்று கிடைத்தது.

"முசியே, அதோ பாருங்க. அது இன்னா பறவை?"

திடுக்கென்று நிமிர்ந்தார்.

"காக்காடா அது" என்றார்.

"கொஞ்சம் நின்னு பாருங்களேன்."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு நின்றார். காக்கை கழுத்தைச் சாய்த்து இறகைக் கோதிக்கொண்டிருந்தது. அவருடைய கை தானாகவே எழும்பி, இல்லாத குழாயைப் பிடித்துத் திருகியது. ஆபீஸ் மணி அடித்தது அவருக்குக் கேட்கவில்லை. "கறுப்புல எத்தினி நெறம் வச்சிருக்காரு பாரு" என்று மெல்லச் சொன்னார்.

நான் காக்கையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.